புத்தகம் கட்டிய பையன் விஞ்ஞானி ஆனான்!

லண்டன் நகரம். 1804-ம் ஆண்டு.

பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன், கையில் பத்திரிகைக் கட்டுடன் வீடு வீடாக ஓடிக்கொண்டிருக்கிறான். ஒரு வீட்டில் பத்திரிகையைக் கொடுப்பான். அவர்கள் படித்து முடித்ததும் திரும்ப வாங்குவான். அடுத்த வீட்டுக்கு ஓடுவான். அந்தக் காலத்தில் லண்டனில் பத்திரிகையின் விலை அதிகம். அதனால் பலர் வாடகைக்கு வாங்கிப் படித்தார்கள்.

அவன் ஒரு கொல்லரின் மகன். பள்ளிக்கூடத்தில் எழுதவும், படிக்கவும், கொஞ்சம் கணக்குப் போடவும் கற்றான். அதோடு அவன் படிப்பு முடிந்துவிட்டது. இப்போது அவன் ஒரு புத்தகக் கடையின் எடுபிடிப் பையன்.

இந்தப் பையன் பிற்காலத்தில் உலகத்துக்கே வெளிச்சம் தரப்போகிறான் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால், கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள்.

ஆனால் அதுதான் நடந்தது. அந்தச் சிறுவனின் பெயர் மைக்கேல் பாரடே!

நம் வீட்டில் எரியும் விளக்கும், சுற்றும் மின்விசிறியும், மாவு அரைக்கும் கிரைண்டரும் அவர் கண்டுபிடித்த உண்மைகளால் கிடைத்தவை.

குழந்தைகள் வரைந்த படம்

விஞ்ஞானி என்றால் யார்? ஒரு பள்ளிப் பிள்ளையின் கையில் காகிதமும் பென்சிலும் கொடுத்து, ஒரு விஞ்ஞானியின் படம் வரையச் சொன்னால், அந்தப் பிள்ளை என்ன வரையும்?

சேம்பர்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். 1966-ம் ஆண்டு முதல் 1977-ம் ஆண்டு வரை, கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா நாடுகளில் 4,807 குழந்தைகள் படம் வரைந்தார்கள். பெரும்பாலும் ஒரே மாதிரிப் படங்கள்! வெள்ளைக் கோட்டு, மூக்குக் கண்ணாடி, தாடி, சுற்றிலும் கண்ணாடிக் குப்பிகள்.

பெண் விஞ்ஞானியை வரைந்தவர்கள் எத்தனை பேர்? வெறும் 28 பேர். அந்த 28 பேரும் சிறுமிகள். ஒரு பையன்கூடப் பெண்ணை வரையவில்லை.

படம்தானே, போகட்டும் என்று விட்டுவிடலாமா? முடியாது. அந்தப் படத்தில் தன்னைப்போல் ஒருவர் இல்லை என்று பார்க்கும் பிள்ளை, விஞ்ஞானம் நமக்கு இல்லை என்று ஒதுங்கிவிடுகிறது. ஏழை வீட்டுப் பிள்ளை ஒதுங்குகிறது. பெண் பிள்ளை ஒதுங்குகிறது. கணக்கில் மார்க்குக் குறைந்த பிள்ளை ஒதுங்குகிறது.

அப்படி ஒதுங்கிப்போக எல்லாக் காரணங்களும் இருந்தும் ஒதுங்காமல் நின்றவர் பாரடே. அதனால்தான் அவர் வரலாற்றை ஒவ்வொரு வீட்டிலும் சொல்ல வேண்டும்.

ஒரு வாரத்துக்கு ஒரு ரொட்டி

மைக்கேல் பாரடே 1791-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி பிறந்தார். லண்டனை ஒட்டிய நியூயிங்டன் பட்ஸ் என்ற இடம் அவருடைய பிறந்த ஊர். தந்தை ஜேம்ஸ், இரும்படிக்கும் கொல்லர். வடக்கே வெஸ்ட்மோர்லாந்து பகுதியில் இருந்து பிழைப்புத் தேடி வந்தவர். தாய் மார்கரெட். நான்கு பிள்ளைகளில் மைக்கேல் மூன்றாவது.

கொல்லர் வேலைக்கு உடல் வலிமை வேண்டும். ஆனால் தந்தையோ நோயாளி. பல நாட்கள் அவரால் சம்மட்டியைத் தூக்க முடியவில்லை. வேலை இல்லாத நாளில் கூலியும் இல்லை.

1801-ம் ஆண்டு இங்கிலாந்தில் தானிய விலை ஏறியது. அப்போது மைக்கேலுக்கு ஒன்பது வயது. வீட்டில் அவன் கையில் ஒரு ரொட்டியைக் கொடுத்தார்கள். அந்த ஒரு ரொட்டியை வைத்துக்கொண்டு அவன் ஒரு வாரம் ஓட்ட வேண்டும்!

இப்படிப்பட்ட வீட்டில் படிப்புக்கு எங்கே போவது? பதின்மூன்று வயதில் மைக்கேல் வேலைக்குப் போனான். பிளாண்ட்போர்ட் தெருவில் ரீபோ என்பவர் புத்தகக் கடை வைத்திருந்தார். புத்தகம் தைத்து அட்டை கட்டும் பட்டறையும் அங்கேயே இருந்தது. ஒரு வருடம் எடுபிடி வேலை செய்தான். பையனின் நாணயத்தைக் கண்ட ரீபோ, 1805-ம் ஆண்டு அவனைத் தொழில் பழகச் சேர்த்துக்கொண்டார். வழக்கமாகத் தொழில் பழக வருகிறவர்கள் முதலாளிக்குப் பணம் கட்ட வேண்டும். மைக்கேலிடம் ரீபோ ஒரு காசுகூட வாங்கவில்லை.

கட்ட வந்த புத்தகம், படித்த புத்தகம்

ஏழு வருடத் தொழில். காகிதத்தை மடிப்பது, தைப்பது, பசை தடவுவது, தோல் அட்டை போடுவது. இதுதான் தினசரி வேலை.

கட்டுவதற்கு வந்த புத்தகங்களை மைக்கேல் புரட்டிப் பார்த்தான். பிறகு படித்தான். வேலை முடிந்த இரவு நேரங்களில் படித்துக்கொண்டே இருந்தான். அவன் படிப்பதை முதலாளி தடுக்கவில்லை. படிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

ஒருநாள் என்சைக்ளோபீடியா பிரிட்டானிக்கா என்ற பெரிய கலைக்களஞ்சியம் கட்டுவதற்கு வந்தது. அதில் மின்சாரத்தைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை இருந்தது. அதைப் படித்ததும் மைக்கேல் அசந்துபோனான். படித்ததோடு நிற்கவில்லை. கிடைத்த கண்ணாடிக் குப்பியை வைத்து, தேய்ப்பதால் மின்சாரம் உண்டாக்கும் சிறிய கருவி ஒன்றைத் தன் கையாலேயே செய்தான்.

அவன் மனத்தைத் தொட்ட இன்னொரு புத்தகம், ரசாயன உரையாடல்கள். அதை எழுதியவர் ஜேன் மார்செட் என்ற பெண்மணி. ஓர் ஆசிரியையும் இரண்டு சிறுமிகளும் பேசிக்கொள்வதுபோல் அந்தப் புத்தகம் அமைந்திருந்தது. சிறுமிகள் கேள்வி கேட்பார்கள். ஆசிரியை சோதனை செய்து காட்டி விளக்குவார். முதலில் வெளிவந்தபோது அந்தப் புத்தகத்தில் ஆசிரியரின் பெயர்கூட இல்லை. எழுதியது ஒரு பெண் என்பது பலருக்குத் தெரியாது.

மைக்கேல் அந்தப் புத்தகத்தை நம்பிவிடவில்லை. அதில் சொல்லியிருந்த சிறு சோதனைகளைத் தன்னிடம் இருந்த சில்லறைக் காசுக்கு எட்டிய அளவில் செய்து பார்த்தான். புத்தகம் சொன்னது சரியாக இருந்தது. அதன் பிறகுதான் நம்பினான். படித்ததைச் செய்து பார்த்த பிறகே நம்புவது என்ற இந்தப் பழக்கம் கடைசி வரை அவரை விட்டுப் போகவில்லை.

பிற்காலத்தில் பெரும் புகழ் பெற்ற பிறகும், ஜேன் மார்செட்டைத் தமது முதல் ஆசிரியையாக நினைத்து மதித்தார் பாரடே. தாம் எழுதிய கட்டுரைகளை அவருக்கு அனுப்பி வைத்தார்.

அண்ணன் கொடுத்த ஷில்லிங்

1810-ம் ஆண்டு தந்தை இறந்தார். தாய் வீட்டில் குடித்தனக்காரர்களை வைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். அண்ணன் ராபர்ட் தந்தையைப்போல் கொல்லர் ஆனார்.

அந்தச் சமயத்தில், டேட்டம் என்பவர் தமது வீட்டில் விஞ்ஞானச் சொற்பொழிவு நடத்துவதாக மைக்கேல் அறிந்தான். ஒரு சொற்பொழிவுக்குக் கட்டணம் ஒரு ஷில்லிங். தொழில் பழகும் பையனிடம் ஷில்லிங் ஏது?

ராபர்ட் கொடுத்தார்! நெருப்பின் முன் நின்று இரும்படித்துச் சம்பாதித்த காசில் தம்பிக்கு ஷில்லிங் கொடுத்து அனுப்பினார்.

மைக்கேல் போனான். கேட்டதை எல்லாம் எழுதிக்கொண்டான். கருவிகளை வரைந்துகொள்ள ஆசை. ஆனால் படம் வரையத் தெரியாது. ரீபோவின் வீட்டில் குடியிருந்த ஓவியர் ஒருவர் கற்றுக்கொடுத்தார். அவரிடம் பாடம் கற்று, சொற்பொழிவில் பார்த்த கருவிகளைப் படங்களாக வரைந்தான். குறிப்புகளைத் தானே அழகாகப் புத்தகமாகக் கட்டினான். அந்தத் தொழில்தான் அவனுக்குத் தெரியுமே!

கடைக்கு வந்த டிக்கெட்டுகள்

ரீபோவின் கடைக்கு வந்த வாடிக்கையாளர்களில் டான்ஸ் என்பவரும் ஒருவர். அவர் மைக்கேலின் ஆர்வத்தைக் கவனித்தார். ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற விஞ்ஞான நிலையத்தில் சர் ஹம்பிரி டேவி பேசும் கூட்டங்களுக்கு டிக்கெட்டுகள் கொடுத்தார்.

டேவி அந்த நாளில் இங்கிலாந்திலேயே பெரிய ரசாயன விஞ்ஞானி. சோடியம், பொட்டாசியம் என்ற உலோகங்களைப் பிரித்துக் காட்டியவர். அவர் பேச்சைக் கேட்கச் சீமான்களும் சீமாட்டிகளும் கூடுவார்கள்.

அந்தக் கூட்டத்தில், மாடியில் கடிகாரத்துக்கு மேலே இருந்த இடத்தில், இருபது வயது மைக்கேல் உட்கார்ந்தான். 1812-ம் ஆண்டு நான்கு சொற்பொழிவுகளைக் கேட்டான். வீட்டுக்கு வந்து, குறிப்புகளை விரித்து எழுதினான். முந்நூறு பக்கங்களைத் தாண்டியது. படங்கள் வரைந்தான். புத்தகமாகக் கட்டினான்.

பதில் வராத கடிதம்

விஞ்ஞான வேலை எதுவானாலும் சரி, கிடைத்தால் போதும் என்று தோன்றியது. ராயல் சொசைட்டி என்ற பெரிய விஞ்ஞானச் சங்கத்தின் தலைவர் சர் ஜோசப் பாங்க்ஸுக்குக் கடிதம் எழுதினான்.

பதில் வரவில்லை.

அதே 1812-ம் ஆண்டு அக்டோபர் மாதம் அவனுடைய ஏழு வருடத் தொழிற்பயிற்சி முடிந்தது. இன்னொரு முதலாளியிடம் கூலிக்குச் சேர்ந்தான். அவர் கோபக்காரர். படிக்க நேரமே கிடைக்கவில்லை.

இங்கேதான் பலர் நின்றுவிடுவார்கள். நம் தலையெழுத்து இவ்வளவுதான் என்று நினைத்துக்கொள்வார்கள். மைக்கேல் நிற்கவில்லை. தான் எழுதிக் கட்டிய புத்தகத்தையும் ஒரு கடிதத்தையும் டேவிக்கே அனுப்பினான்.

இந்தத் தடவை பதில் வந்தது!

டேவியும் பெரிய இடத்துப் பிள்ளை அல்ல. மரத்தில் சிற்ப வேலை செய்தவரின் மகன். அவரும் ஒரு மருத்துவரிடம் தொழில் பழகி முன்னுக்கு வந்தவர். 1813-ம் ஆண்டு ஜனவரியில் மைக்கேலை அழைத்துப் பேசினார். ஆனால் வேலை காலி இல்லை. விஞ்ஞானத்தை நம்பினால் பிழைக்க முடியாது, புத்தகம் கட்டும் தொழிலையே விடாதே என்று புத்தி சொல்லி அனுப்பினார்.

அடுத்த மாதமே நிலைமை மாறியது. சோதனைச்சாலையில் இருந்த உதவியாளர் ஒருவர் சண்டை போட்டதால் வேலை இழந்தார். ஒருநாள் இரவு, மைக்கேல் படுக்கப் போகும் நேரத்தில், வாசலில் ஒரு குதிரை வண்டி வந்து நின்றது. வந்தது டேவியின் ஆள். கொண்டுவந்தது, மறுநாள் காலை வரச்சொல்லும் கடிதம்.

1813-ம் ஆண்டு மார்ச் 1-ந் தேதி மைக்கேல் பாரடே வேலையில் சேர்ந்தார். சம்பளம் வாரத்துக்கு 25 ஷில்லிங். தங்குவதற்கு மாடியில் இரண்டு அறைகள். வேலை? குப்பி கழுவுவது, கருவிகளைத் துடைத்து வைப்பது, சொற்பொழிவுக்கு உதவுவது.

விஞ்ஞானியா, வேலைக்காரரா?

அந்த ஆண்டு அக்டோபரில் டேவி ஐரோப்பியச் சுற்றுப்பயணம் புறப்பட்டார். அப்போது இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் போர் நடந்துகொண்டிருந்தது. டேவியின் பணியாள் பயந்து வர மறுத்துவிட்டார். அதனால் அந்த வேலையையும் பாரடேயே பார்க்க வேண்டியதாயிற்று.

டேவியின் மனைவி பணக்காரச் சீமாட்டி. அவர் பாரடேயை ஒரு வேலைக்காரராகவே நடத்தினார். பாரடேக்கு மனம் புண்பட்டது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தார்.

ஆனால் அதே பயணத்தில்தான் அவர் ஆம்பியரைப் பார்த்தார். மின்கலத்தைக் கண்டுபிடித்த வோல்டாவைப் பார்த்தார். இத்தாலியில் பிளாரன்ஸ் நகரில், பெரிய கண்ணாடி வில்லையால் வெயிலைக் குவித்து வைரத்தை எரித்த சோதனையில் பங்கு கொண்டார். பெட்டியையும் துணியையும் கவனித்துக்கொண்டே, ஒன்றரை வருடத்தில் ஒரு பல்கலைக்கழகப் படிப்பையே படித்து முடித்தார் என்று சொல்லலாம்.

சுற்றியது கம்பி!

1820-ம் ஆண்டு டென்மார்க் விஞ்ஞானி ஓர்ஸ்டெட் ஓர் அதிசயத்தைக் கண்டார். மின்சாரம் ஓடும் கம்பியின் பக்கத்தில் வைத்த காந்த ஊசி திரும்பியது. மின்சாரத்துக்கும் காந்தத்துக்கும் உறவு உண்டு என்று தெரிந்தது.

1821-ம் ஆண்டு பாரடேக்குத் திருமணம் நடந்தது. மனைவி சாரா. அதே ஆண்டு செப்டம்பரில் ஒரு சோதனை செய்தார். ஒரு கிண்ணத்தில் பாதரசம். நடுவில் நிமிர்த்தி வைத்த ஒரு காந்தம். மேலே இருந்து தொங்கும் கம்பியின் நுனி பாதரசத்தில் தொட்டுக்கொண்டிருந்தது. மின்சாரத்தைப் பாய்ச்சினார். கம்பி காந்தத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது!

மின்சாரத்தால் ஒரு பொருளை நிற்காமல் சுழலச் செய்ய முடியும் என்று உலகம் கண்டது. இன்றைய மின்சார மோட்டாரின் ஆதி வடிவம் இதுதான். மின்விசிறியும், வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்ப் செட்டும் இதன் வாரிசுகள்.

புகழ் வந்தது. கூடவே பொறாமையும் வந்தது. வேறொருவரின் யோசனையை எடுத்துக்கொண்டார் என்று சிலர் பேசினார்கள். பாரடே துடித்துப்போனார். 1824-ம் ஆண்டு அவரை ராயல் சொசைட்டியில் உறுப்பினராகச் சேர்க்கும் பிரச்சினை வந்தபோது, சங்கத்தின் தலைவராக இருந்தவர் டேவி. கைதூக்கிவிட்ட டேவியே எதிர்த்தார்! ஆனாலும் பாரடே தேர்ந்தெடுக்கப்பட்டார். எதிராக விழுந்தது ஒரே ஓட்டு. அதன் பிறகும் டேவியைப் பற்றி அவர் நன்றியோடுதான் பேசினார்.

அசைந்தது ஊசி!

மின்சாரத்தால் காந்தசக்தி உண்டாகிறது. அப்படியானால், காந்தத்தால் மின்சாரம் உண்டாகக் கூடாதா? இந்தக் கேள்வியை 1822-ம் ஆண்டிலேயே பாரடே தமது நோட்டில் எழுதி வைத்தார். பலமுறை முயன்றார். ஒவ்வொரு முறையும் தோல்வி. தோல்வியையும் நோட்டில் எழுதினார்.

1831-ம் ஆண்டு ஆகஸ்டு 29-ந் தேதி. ஓர் இரும்பு வளையம். அதன் ஒரு பாதியில் ஒரு கம்பிச்சுருள். மறுபாதியில் இன்னொரு கம்பிச்சுருள். இரண்டும் ஒன்றையொன்று தொடவில்லை. முதல் சுருளை மின்கலத்தோடு இணைத்தார். இரண்டாவது சுருளின் பக்கத்தில் ஒரு காந்த ஊசி.

இணைத்த நொடியில் ஊசி அசைந்தது! பிறகு நின்றுவிட்டது. இணைப்பை எடுத்தார். ஊசி மறுபடியும் அசைந்தது!

மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒன்றும் நடக்கவில்லை. ஓடத் தொடங்கும்போதும் நிற்கும்போதும் மட்டும் அசைவு. இதற்கு என்ன அர்த்தம்? காந்தசக்தி சும்மா இருந்தால் பயன் இல்லை. அது மாற வேண்டும். மாறினால்தான் மின்சாரம் பிறக்கும்.

அக்டோபர் 17-ந் தேதி, ஒரு காந்தக் கோலைக் கம்பிச்சுருளுக்குள் செருகினார். மின்சாரம் வந்தது. வெளியே இழுத்தார். மறுபடியும் வந்தது. அதே மாதம் 28-ந் தேதி, பெரிய காந்தத்தின் முனைகளுக்கு நடுவே ஒரு செம்புத் தட்டைச் சுழற்றினார். தட்டு சுழலச் சுழல, மின்சாரம் தொடர்ந்து ஓடியது.

மேட்டூரில் விழும் தண்ணீரும், நெய்வேலியில் நிலக்கரி எரித்து எழும் நீராவியும், முப்பந்தலில் வீசும் காற்றும் மின்சாரம் உண்டாக்குவது இந்த வழியில்தான். சுற்றும் விசை வேறு வேறு. தத்துவம் ஒன்று. அது அந்த 1831-ம் ஆண்டில் புத்தகம் கட்டிய கை கண்ட தத்துவம்.

கணக்குத் தெரியாத மேதை

பாரடேக்கு உயர்ந்த கணிதம் தெரியாது. பள்ளிக்கூடத்தில் கற்ற கூட்டல் கழித்தலுக்கு மேல் அவர் அதிகம் போகவில்லை. அவருடைய கட்டுரைகளில் சிக்கலான சூத்திரங்களைக் காண முடியாது.

அதற்குப் பதில் அவர் கண்ணால் பார்த்தார். காகிதத்தின் கீழே காந்தத்தை வைத்து, மேலே இரும்புத் தூளைத் தூவினால், தூள் வளைவு வளைவாக அணிவகுத்து நிற்கும். எல்லோரும் பார்த்த காட்சிதான். பாரடே அந்த வளைவுகளில் ஓர் உண்மையைக் கண்டார். காந்தத்தைச் சுற்றியுள்ள வெற்றிடத்திலும் ஒரு சக்தி பரவி நிற்கிறது என்றார். கணித மேதைகள் பலர் அதை ஏற்கவில்லை.

ஸ்காட்லாந்தில் பிறந்த மாக்ஸ்வெல் என்ற இளைஞர் ஏற்றார். அவர் கணிதத்தில் புலி. பாரடேயின் கருத்துக்களை அவர் கணிதமாக மாற்றினார். அந்தக் கணிதம், ஒளியே ஒரு மின்காந்த அலை என்று காட்டியது. பிறகு ரேடியோ அலைகள் கண்டுபிடிக்கப்பட அதுவே வழிகாட்டியது.

கணித அறிஞர்கள் தாங்கள் கண்ட முடிவைச் சாதாரண மொழியிலும் எழுதினால் என்னைப் போன்றவர்களுக்கு உதவியாக இருக்குமே என்று 1857-ம் ஆண்டு பாரடே மாக்ஸ்வெல்லுக்குக் கடிதம் எழுதினார். அப்போது அவருக்கு வயது 66. உலகப் புகழ் பெற்றவர். தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அவர் வெட்கப்படவில்லை.

கணக்கு வேண்டாம் என்பது இதன் பொருள் அல்ல. கணக்கு வந்தவரும் வேண்டும். கைவேலை வந்தவரும் வேண்டும். இருவரும் சேர்ந்தால்தான் விஞ்ஞானம் வளரும்.

மறதியும் நோட்டுப் புத்தகமும்

விஞ்ஞானிக்குப் பெரிய ஞாபகசக்தி இருக்கும் என்று நினைக்கிறோம். பாரடேக்கோ மறதி! வாலிபத்திலிருந்தே அந்தக் குறை உண்டு. அதனால் எல்லாவற்றையும் எழுதி வைத்தார். ஒவ்வொரு குறிப்புக்கும் எண் போட்டார். அந்த எண் 16,000-ஐத் தாண்டியது.

சுமார் 50 வயதில் உடலும் மூளையும் களைத்துப்போயின. தலைச்சுற்றல் வந்தது. மறதி அதிகமாயிற்று. சில வருடங்கள் பெரிய ஆராய்ச்சி எதுவும் செய்ய முடியவில்லை. அவர் கதை முடிந்தது என்று நினைத்தவர்கள் உண்டு. ஆனால் 1845-ம் ஆண்டு மீண்டும் எழுந்தார். காந்தத்தால் ஒளியின் தன்மையை மாற்ற முடியும் என்று நிரூபித்தார்.

குழந்தைகளுக்கு ஒரு மெழுகுவர்த்தி

பாரடேக்குப் பிள்ளைகள் இல்லை. ஆனால் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் அவர் பிள்ளைகள்தான்.

1825-ம் ஆண்டு ராயல் இன்ஸ்டிடியூஷனில் கிறிஸ்துமஸ் விடுமுறையில் இளைஞர்களுக்கான சொற்பொழிவுகள் தொடங்கின. 1827-ம் ஆண்டு முதல் 1860-ம் ஆண்டு வரை, 19 வருடங்களில் பாரடேயே அந்தச் சொற்பொழிவுகளை நடத்தினார். அவை இன்றும் நடக்கின்றன.

அவற்றில் மிகவும் பெயர் பெற்றது மெழுகுவர்த்தி பற்றிய சொற்பொழிவு. மேசையில் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றுவார். மெழுகு உருகுவது ஏன்? உருகிய மெழுகு திரியில் ஏறுவது எப்படி? சுடர் வெளிச்சம் தருவது எதனால்? சுடருக்கு மேலே குளிர்ந்த பாத்திரத்தைப் பிடித்தால் அதில் நீர்த்துளி படிகிறதே, அது எங்கிருந்து வந்தது? கேட்டுக்கொண்டே போவார். கடைசியில், நாம் விடும் மூச்சும் மெழுகுவர்த்தி எரிவதும் ஒரே வகை வேலை என்ற இடத்தில் கொண்டுவந்து நிறுத்துவார்.

1855-ம் ஆண்டு இளவரசரும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டார். ஒரு காலத்தில் மாடியின் ஓரத்தில், இரவல் டிக்கெட்டில் உட்கார்ந்த பையன், இப்போது மேடையில் நின்றார்!

இன்னும் திறக்காத கதவு

பாரடேக்குக் கதவு திறந்தது. அவர் காலத்துப் பெண்களுக்குத் திறந்ததா?

லைம் ரீஜிஸ் என்ற கடலோர ஊரில் மேரி அன்னிங் என்ற பெண் இருந்தார். ஒரு தச்சரின் மகள். வறுமையில் வளர்ந்தவர். பாறைகளில் புதைந்து கிடந்த, அழிந்துபோன ராட்சதப் பிராணிகளின் எலும்புக்கூடுகளைத் தேடி எடுத்தார். பெரிய மனிதர்கள் அவரிடம் எலும்புகளை வாங்கி ஆராய்ந்து பெயர் வாங்கினார்கள். ஆனால் பூகர்ப்ப விஞ்ஞானச் சங்கத்தில் அவருக்கு இடம் இல்லை. காரணம், அவர் பெண். அவர் 1847-ம் ஆண்டு இறந்தார்.

பாரடே உறுப்பினரான அதே ராயல் சொசைட்டியில், முதல்முதலாகப் பெண்கள் இருவர் உறுப்பினர்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது 1945-ம் ஆண்டில்தான். பாரடே சேர்ந்து 121 வருடங்களுக்குப் பிறகு!

அந்த இருவரில் ஒருவர் காத்லீன் லான்ஸ்டேல். பத்துப் பிள்ளைகள் பெற்ற குடும்பத்தில் கடைசிப் பெண். 1825-ம் ஆண்டு பாரடே பென்சீன் என்ற பொருளைக் கண்டுபிடித்திருந்தார். சுமார் நூறு வருடங்களுக்குப் பின், பென்சீன் வகைப் பொருள் ஒன்றை எக்ஸ்-ரே கதிரால் ஆராய்ந்து, அதன் அணு வளையம் தட்டையானது என்று காட்டினார் இந்தப் பெண்மணி. கொல்லர் மகன் தொடங்கியதைக் கடைக்குட்டிப் பெண் தொடர்ந்தார்.

வேண்டாம் பதவி

கம்பெனிகளுக்கு யோசனை சொல்லிப் பாரடே பெரும் பணம் சம்பாதித்திருக்கலாம். ஆராய்ச்சிக்கு நேரம் வேண்டும் என்று அந்த வருமானத்தைக் கைவிட்டார். ராயல் சொசைட்டியின் தலைவர் பதவி இரண்டு முறை தேடி வந்தது. இரண்டு முறையும் வேண்டாம் என்றார். ஒரு காலத்தில் அவர் கடிதத்துக்குப் பதில் போடாதவர் உட்கார்ந்திருந்த அதே நாற்காலி!

விக்டோரியா ராணியார் கொடுத்த ஹாம்ப்டன் கோர்ட் வீட்டில், 1867-ம் ஆண்டு ஆகஸ்டு 25-ந் தேதி பாரடே காலமானார். லண்டன் ஹைகேட் மயானத்தில் எளிய கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். 1991-ம் ஆண்டு இங்கிலாந்து பாங்கி 20 பவுண்டு நோட்டில் அவர் படத்தை அச்சிட்டது. 2001-ம் ஆண்டு வரை அந்த நோட்டு புழக்கத்தில் இருந்தது. ஒரு ஷில்லிங்குக்கு அண்ணனிடம் கைநீட்டிய பையனின் படம், நாட்டின் பணத்திலேயே ஏறியது!

யார் விஞ்ஞானி?

பாரடே தானாகவே வளர்ந்தார் என்று சொன்னால் அது பாதி உண்மை. படிக்கவிட்ட முதலாளி ஒருவர். எளிமையாக எழுதிய பெண்மணி ஒருவர். ஷில்லிங் தந்த அண்ணன் ஒருவர். டிக்கெட் கொடுத்த வாடிக்கையாளர் ஒருவர். இவர்களில் ஒருவர் இல்லாவிட்டாலும், அவர் ஆயுள் முழுவதும் புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டே இருந்திருக்கலாம். எத்தனையோ பாரடேக்கள் அப்படியே போயிருக்கலாம்.

ஆகவே பெற்றோர்களே, உங்கள் பிள்ளை கேள்வி கேட்டால் அதட்டாதீர்கள். விடை தெரியாவிட்டால், சேர்ந்து தேடலாம் என்று சொல்லுங்கள். பெண் குழந்தை ஒரு பழைய ரேடியோவைப் பிரித்துப் பார்த்தால், இது உனக்கு எதற்கு என்று கேட்காதீர்கள்.

குழந்தைகளே, இன்று இரவு ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றச் சொல்லுங்கள். பெரியவர்கள் பக்கத்தில் இருக்கட்டும். சுடரை உற்றுப் பாருங்கள். அதில் எத்தனை நிறம்? எந்த இடத்தில் வெளிச்சம் அதிகம்? பார்த்ததை ஒரு நோட்டில் எழுதுங்கள். நாளைக்கும் பாருங்கள். அதே மாதிரி இருக்கிறதா?

பிறகு ஒரு விஞ்ஞானியின் படம் வரையுங்கள். வெள்ளைக் கோட்டும் தாடியும் கட்டாயம் இல்லை. பாவாடை சட்டை போட்ட சிறுமியாகவும் இருக்கலாம். பட்டறைக் கரி படிந்த கையாகவும் இருக்கலாம். பக்கத்தில் ஒரு மெழுகுவர்த்தியும் ஒரு நோட்டும் இருந்தால் போதும்.